போலி மணியும் பூசைக்கு ஆகுமோ?

தெய்வத்துக்குச் சாத்தும் அணியில் பதிப்பதற்காக விலை மலிந்த சிவப்புக் கற்களைத் தேடிப் புறப்படுகிறவன், கல் வியாபாரியின் வாசலை மிதிப்பதற்கு முன்பே தர்மசாஸ்திரத்தின் வாசலை மிதித்துவிடுகிறான் என்பதை, கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவிலுள்ள சிறிய மாரியம்மன் கோயிலுக்கு நெற்றிப்பட்டம் ஒன்று செய்விக்க நாங்கள் முற்பட்டபோதுதான் நான் செவ்வையாக உணர்ந்தேன். எண்ணிய காரியம் சிறியது. வெள்ளித் தகட்டில் பொன்முலாம் பூசிய பட்டம். அதன் நடுவே தாமரை மொட்டாக ஒரு குமிழ். குமிழைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் அளவில் 21 சிவப்புக் கற்கள். தெருப் பெண்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் வெள்ளிக்கும் முலாமுக்கும் கூலிக்கும் போக மிஞ்சியதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, மாணிக்கம் என்பது பேச்சுக்கே இடமில்லாத சங்கதியாகிவிட்டது. கெம்பு என்ற மலிவான சிவப்புக் கல்லை வாங்கி வைத்துவிடலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: “கண்ணாடியக் கொண்டாந்து அம்மா நெத்தியில வெச்சுட்டு, மாணிக்கம்னு சொல்லிக் கும்புடுவீங்களா? அவளுக்குத் தெரியாதா என்னா?”

கேள்வி இரண்டு பாதி கொண்டது. விலை குறைந்த பொருளைத் தெய்வத்துக்குக் கொடுக்கலாமா என்பது ஒரு பாதி. அதை விலை உயர்ந்த பொருளின் பெயரால் அழைக்கலாமா என்பது மற்றப் பாதி. ஆயா கேட்டது இரண்டாவதை. கூடியிருந்தவர்களின் காதில் விழுந்தது முதலாவது மட்டுமே. “இருக்கிறதைத்தானே கொடுக்க முடியும்” என்றும், “கல்லையா பார்க்கிறாள், மனசைத்தான் பார்க்கிறாள்” என்றும் ஆளுக்கொரு சமாதானம் சொல்லிக் கலைந்தார்கள். அந்தச் சமாதானங்கள் பொய்யல்ல; ஆனால் கேட்ட கேள்விக்கு அவை விடையுமல்ல.

கற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பொருள் இன்னதென்று அறியாமல் அதன் மெய்யையும் பொய்யையும் விசாரிப்பது வீண். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்கள், பாதை போடுவதற்காக வெட்டிய திருப்பங்களில் கல்வராயன் மலையின் உட்புறத்தைக் காண்கிறார்கள். எண்ணெய் தடவியதுபோன்ற கருநீலப் பளபளப்புடைய அந்தப் பாறைக்குச் சார்னக்கைட் என்று பெயர்; கல்கத்தா நகரத்தோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இவ்வினக் கல் இருப்பதைக் கண்டு, ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர் அவர் பெயரையே இதற்கு இட்டார். இத்தகைய பாறைகளில் கடுகளவும் மிளகளவுமாகச் செந்நிறக் கார்னெட் மணிகள் விரவியிருப்பது உண்டு. நகைக்கு அவை ஆகா; பெரும்பாலும் விரிசல் கண்ட துகள்கள். தெற்கே தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை கடற்கரை மணலைச் சிவக்கச் செய்வதும் இதே கார்னெட்தான். அதை உப்புத்தாளில் ஒட்டவும் இரும்பைத் தேய்க்கவும் பயன்படுத்துகிறார்கள். ஒரே கனிமம், பளிங்குபோல் தெளிந்து கிடைத்தால் கழுத்துக்கும், பொடியாகக் கிடைத்தால் பட்டறைக்கும் போகிறது.

மாணிக்கம் வேறு. அது அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த குருந்தம். குரோமியம் சிறிதளவு கலந்தமையால் சிவந்தது. குருந்தமே இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமாகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையின் இரத்தின வீதியைச் சுற்றிக் காட்டும் இளங்கோவடிகள் செம்மணிகளைப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று சாதி பிரித்துப் பேசுகிறார். அக்காலத்து வணிகர் கண்ணுக்குச் சிவப்பு என்பது ஒரே நிறமாக இருக்கவில்லை.

எங்களூருக்கு அணுக்கமான கல் சந்தை சேலம். செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கல்லும் மணியும் விற்கும் சிறு கடை ஒன்றில், வியாபாரி ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, பொட்டலம் பொட்டலமாகச் சிவப்பைக் கொட்டினார். மலிவான கல்லை நிறுத்து விற்பதில்லை. 144 கொண்ட கிராஸ் கணக்கில் எண்ணி விற்கிறார்கள். மாணிக்கத்தையோ காரட்டில், அதாவது 200 மில்லிகிராமில், நிறுக்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு நான்கு குவியல்களும் மாதுளை முத்துக்களாகவே தெரிந்தன. அவர் சாமணத்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கல்லை எடுத்து என் கையிலிருந்த லென்சின் கீழ்ப் பிடித்தார். முதற் கல்லில் சோடாவில் நிற்கும் குமிழிபோல் உருண்டையாக இரண்டு காற்றுக் குமிழிகள்: கண்ணாடி. இரண்டாவதில் ஒயின் நிறத்துத் தெளிவு, சற்றே கறுத்த சிவப்பு: கார்னெட். மூன்றாவதில் கோபச் சிவப்பு. கல்லைச் சிறிது சாய்த்துப் பார்க்க, பழைய கிராமபோன் தட்டின் வரிகள்போல் வளைந்து செல்லும் மெல்லிய கோடுகள்: செயற்கை மாணிக்கம். நான்காவதில் வரிகள் இல்லை, உருண்டைக் குமிழி இல்லை. ஒரு விரிசலினுள் மட்டும் நீலப்பொறி ஒன்று பளிச்சிட்டு மறைந்தது. “இது ஒரிஜினல் சார்” என்றார் அவர். பிறகு சற்று நிதானித்து, “ஆனா உள்ள கண்ணாடி ஏத்தினது” என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார். அந்த நிதானத்துக்காக அவரை நான் மெச்சுகிறேன்.

நான்காவது கல்லைப் பற்றிச் சிறிது நின்று யோசிக்க வேண்டும். பூமியில் விளைந்த மாணிக்கந்தான். ஆனால் ஒளி புகாதவாறு நூறு வெடிப்புகள் கொண்டது. ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி அவ்வெடிப்புகளில் பாய்ச்சினால் மங்கல் நீங்கித் தெளிந்த கல்லாகத் தோன்றுகிறது. ஆசாரியின் ஊதுகுழல் நெருப்புப் பட்டாலும், நகையை வெளுக்கும் அமிலத்தில் தோய்த்தாலும், உள்ளிருக்கும் கண்ணாடி சேதமுற்று வெடிப்புகள் மறுபடியும் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும்; எலுமிச்சம் பழச்சாறுகூட அதை அரிக்கும். எலுமிச்சை மாலையில்லாமல் ஆடி மாதத்தைக் கடக்காத அம்மனுக்கு இதைவிடப் பொருத்தமற்ற கல் வேறில்லை. அது நிற்க, ‘இயற்கை மாணிக்கம்’ என்ற சொல் இந்தக் கல்லைப் பொறுத்தவரை அட்சரம் பிசகாத உண்மை. அந்த உண்மையைக் கொண்டே வாங்குகிறவனை முற்றிலும் ஏமாற்றவும் முடியும். வெறும் கண்ணாடியைக் கண்ணாடி என்று விற்கிறவனிடம் இல்லாத வஞ்சனை, மாணிக்கத்தை மாணிக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவனிடம் குடிகொண்டிருக்கலாம்.

மறுபுறத்தில், பெயர் தவறினாலும் எவருக்கும் தீங்கு விளையாத சந்தர்ப்பமும் உண்டு. இங்கிலாந்து மன்னர்களின் மகுடத்து முகப்பில் சுடர்விடும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ மாணிக்கமே அன்று. ஸ்பினெல் என்னும் வேறொரு கல். இரண்டையும் வெவ்வேறு கனிமங்களாகப் பிரித்தறிந்தது 1783-ஆம் ஆண்டளவில்தான். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்காக அதை மாணிக்கம் என்று நம்பியே அரசர்கள் அணிந்தார்கள். அறியாமல் சொன்ன பெயர் பிழையாகலாம், பொய் ஆகாது. பொய்க்கு அறிவு வேண்டும்.

இனி மூன்றாவது கல். 1902-இல் வெர்னேய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அலுமினா தூளுடன் இம்மியளவு குரோமியம் ஆக்ஸைடைக் கலந்து, ஹைட்ரஜனும் பிராணவாயுவும் எரியும் சுவாலையின் ஊடே தூவி, ஏறத்தாழ 2000 பாகை வெப்பத்தில் உருகிய துளிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் உறைந்து பேரிக்காய் வடிவில் வளருமாறு செய்யும் முறையை வெளியிட்டார். அப்படி வளர்ந்த கட்டி மாணிக்கத்தைப் போன்ற பொருளன்று. மாணிக்கத்தின் பொருளே அதுதான். கடினம், கனம், ஒளிமுறிவு எல்லாம் ஒன்று. நம் தந்தையர் கையிலிருந்த கடிகாரத்தின் முகத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று பொறித்திருந்ததே, அந்தப் பதினேழும் இவைதாம். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டி எத்தனையோ குடும்பங்கள் ஒரு காலத்தில் சோறுண்டன. ‘ஆண்டவன் படைத்தது மெய், மனிதன் ஆக்கியது போலி’ என்ற வாதம் இங்கே எழுகிறது. வாதம் கேட்பதற்குப் பக்தி நிரம்பியதாகத் தோன்றும்; ஆனால் கோயிலின் படியைத் தாண்டியதும் அது நிற்காது. அம்மனின் திருமேனி ஸ்தபதி வடித்தது. மண்டபம் கொத்தன் எழுப்பியது. நைவேத்தியம் அடுப்பில் வெந்தது. பூவைக்கூட நாரில் தொடுத்துத்தான் சாத்துகிறோம். மனிதக் கை பட்டது என்பதே குற்றமாயின் நம் வழிபாட்டில் நிலைக்கக்கூடிய திரவியம் எதுவும் இல்லை. ஆகவே செயற்கை என்ற காரணத்துக்காக ஒரு கல்லைத் தள்ளுவது சரியன்று என்பதே என் துணிபு.

சூரியனுக்கு உரியதென்று மோதிரத்துக்கு மாணிக்கம் தேடுகிறவர்களின் விசாரம் இதில் சேராது. அவர்கள் கல்லிடமிருந்து ஒன்றைப் பெற விழைகிறவர்கள். நான் பேசுவது கொடுக்கிறவர்களைப் பற்றி.

எஞ்சி நிற்பது கண்ணாடி. அது மாணிக்கம் அன்று. அதன் சாயல் மாத்திரம் கொண்டது. இங்கே நமக்கு ஒளி தருவது, வேத வேள்வி விதிகளை ஆராயும் பூர்வ மீமாம்சை. ஜைமினி தம் சூத்திரங்களின் ஆறாம் அத்தியாயத்தில் பிரதிநிதித் திரவியத்தைப் பற்றி விசாரிக்கிறார். யாகத்துக்கு விதித்த நெல் கிட்டாதபோது காட்டு நெல்லாகிய நீவாரத்தைக் கொள்ளலாமா என்றால், கொள்ளலாம். காரியம் நின்றுபோவதைவிட, விதித்த பொருளோடு பெரிதும் ஒத்த ஒன்றைக் கொண்டு அதை நிறைவேற்றுவதே முறை என்கிறது சாஸ்திரம். ஆனால் எல்லாவற்றுக்கும் பதிலி உண்டென்று அது கதவைத் திறந்துவிடவில்லை. தேவதைக்குப் பதிலி இல்லை, அக்கினிக்கு இல்லை, மந்திரத்துக்கு இல்லை, செய்ய வேண்டிய கிரியைக்கும் இல்லை. பதிலியாவது திரவியம் ஒன்றே. இந்தப் பாகுபாட்டின் நுட்பம் என்னை எப்போதும் வியக்க வைப்பது. யாகம் செய்கிறவன் எதைக் கொடுக்கிறான் என்பதில் நெகிழ்ச்சி காட்டிய மீமாம்சகர், யாருக்குக் கொடுக்கிறான், என்ன சொல்லிக் கொடுக்கிறான் என்பவற்றில் இம்மியும் நெகிழவில்லை. நம் வீட்டுப் பூசைகளிலும் ஆபரணம் சாத்த வேண்டிய கட்டத்தில் ஆபரணம் இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக அட்சதையைச் சமர்ப்பிப்பதாக வாய்விட்டுச் சொல்லியே தூவுகிறார்கள். பொன்னுக்குப் பதில் அரிசி. இதைவிடப் பெரிய பதிலி ஏது? ஆயினும் அங்கே பொய் புகவில்லை. பதிலி என்று அறிவித்தே கொடுக்கிறோம்.

இந்தச் சலுகைக்கு ஒரு காவலும் உண்டு. விரதங்களை விதிக்கும் புராணப் பகுதிகள் ‘வித்தசாட்டியம்’ என்ற குற்றத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிக்கின்றன. அதாவது, கையில் செல்வம் இருக்க, இல்லாதவனைப்போல் குறைத்துக் கொடுக்கும் கபடம். வறியவனின் கண்ணாடிக்கும் வசதியுள்ளவனின் கண்ணாடிக்கும் லென்சின் கீழே வேற்றுமை தெரியாது. சாஸ்திரத்தின் கீழே தெரியும். மகளின் கலியாணத்துக்குக் காரட் கணக்கில் கல் வாங்கிவிட்டு, அம்மனுக்குக் கிராஸ் கணக்கில் வாங்குகிறவர் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடும். ‘மனசைத்தான் பார்க்கிறாள்’ என்ற வாக்கியத்தை மிகுதியும் பயன்படுத்துகிறவரும் அவராகவே இருப்பார்.

கெம்பு வேலையின் நடைமுறை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வடசேரி ஆசாரிகளின் கைவண்ணத்தால் புகழ் பெற்றதும், பரதநாட்டிய மேடைகளில் தலைசாமானாகவும் ராக்கொடியாகவும் நாம் காண்பதுமான அந்தக் கோயில் நகை மரபில், கல்லை அடைத்துப் பதிக்கிறார்கள். குழிக்குள் அரக்கு, அரக்கின்மேல் மெல்லிய பளபளப்புத் தகடு, தகட்டின்மேல் கல். ஒளி கல்லினூடே சென்று தகட்டில் பட்டுத் திரும்புவதால் மங்கிய கல்லும் கனன்று தோன்றும். தகடே சிவப்பாயிருந்தால் நிறமற்ற கல்லும் சிவக்கும். வேதாந்திகள் செம்பருத்தியின் அருகே வைத்த ஸ்படிகத்தைக் காட்டி, பூவின் சிவப்பு ஸ்படிகத்தில் ஏறித் தோன்றுவதுபோல் மனம் முதலிய அந்தக்கரணத்தின் குணங்கள் ஆன்மாவில் ஏறித் தோன்றுகின்றன என்று உபதேசிப்பார்கள். பெண்ணையாற்றங்கரையில், திருக்கோவிலூரிலிருந்து அதிக தூரமில்லாத திருவெண்ணெய்நல்லூரில், 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரின் வழிவந்த சித்தாந்திகளும் படிகத்தைக் கையாளுவார்கள்; ஆனால் அவர்கள் நோக்கு வேறு. சார்ந்ததன் வண்ணமாவதே உயிரின் இயல்பு. உயிரைப் பிணிக்கும் மலத்தைச் சார்ந்தால் மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம் என்பது அவர்கள் கொள்கை. வேதாந்திக்கு ஏறிய சிவப்பு ஒரு தோற்றம். சித்தாந்திக்கு அது ஒரு சம்பந்தம். அம்மனின் நெற்றியைச் சார்ந்த கண்ணாடியை எந்தக் கண்ணால் பார்ப்பது என்று கேட்டால், நான் சித்தாந்தியின் பக்கமே சாய்வேன். கல்லின் விலை கடையோடு போயிற்று. இனி அது சார்ந்த இடமே அதன் வண்ணம்.

ஆனால் இப்படிச் சொல்லி முடித்துவிட்டால், ஆயாவின் கேள்வியை நானும் நழுவவிட்டவனாவேன். சார்பு உயர்ந்தது என்பதற்காகச் சொல் பொய்க்கலாமா? இதற்கு நம் மண்ணிலேயே இரண்டு சரிதங்கள் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றை ஒன்று மறுப்பவை.

கல்வராயன் அடிவாரத்து வேலிகளில் படரும் குன்றிமணியைவிட மலிவான சிவப்பு மணி உலகில் இல்லை. தட்டார் தராசில் அது எடைக்கல். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. விநாயக சதுர்த்திக்குப் பிடிக்கும் களிமண் பிள்ளையாருக்கு அதுவே கண். வள்ளுவரோ கூடாவொழுக்கத்தில் அதையே எடுத்து, புறத்தோற்றத்தில் அதன் சிவப்பும் அகத்தில் அதன் மூக்கின் கருமையும் உடைய வேடதாரிகளைச் சுட்டுகிறார். அத்தகைய வேடதாரி ஒருவன் வந்த ஊர்தான் திருக்கோவிலூர். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது நம்மோடு சேர்ந்த அவ்வூரில், மலாடர் கோமானாகிய மெய்ப்பொருள் நாயனார் அரசு செய்திருந்தார் என்று பெரியபுராணம் கூறும். போரில் அவரை வெல்ல மாட்டாத முத்தநாதன், மேனியெல்லாம் திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டினுள் வாளை மறைத்துக்கொண்டு, எவரும் அறியாத ஆகமம் உரைப்பதாகச் சொல்லி அந்தப்புரம் வரை வந்தான். மன்னர் அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்க, அந்த வணக்கத்தின் நடுவிலேயே குத்தினான். வாளோடு பாய்ந்த காவலன் தத்தனைத் தடுத்து, இவர் நம்மைச் சேர்ந்தவர் என்று சொல்லி, ஊர் எல்லைக்கு அப்பால் இடையூறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்து, விட்டு வந்த செய்தி கேட்கும் வரை உயிரைத் தாங்கியிருந்தார் நாயனார். நீறு அணிந்தவன் போலி, நீறு போலியன்று. அவர் வணங்கியது நீற்றை.

மற்றச் சரிதம் மணிமுத்தாற்றின் கரையில் நிகழ்ந்தது. நம் கல்வராயனில் பிறந்து கிழக்கே விருத்தாசலத்தைச் சுற்றிச் செல்லும் அந்த ஆற்றில், விருத்தாசலமாகிய திருமுதுகுன்றத்து இறைவன் அளித்த பன்னீராயிரம் பொன்னையும் சுந்தரர் இட்டார். திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி அவருக்குக் கட்டளை. இடுவதற்கு முன் அவர் செய்த காரியத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்: பொன்னிலிருந்து மச்சம் வெட்டி, மாதிரிக்கென்று கையோடு கொண்டு சென்றார். கொடுத்தவன் கடவுள், கையிலோ மாதிரித் துண்டு! குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்க, மாற்றுக் குறைந்திருந்தது. இறைவனின் விளையாட்டுத்தானே என்று சுந்தரர் வாங்கி முடிந்துகொள்ளவில்லை. பழைய மாற்று வரும் வரை பாடினார். மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் திருவாரூரில் இருக்கிறார்.

ஒரு நாயனார் போலியை அறிந்தும் வணங்குகிறார். மற்றொரு நாயனார் கடவுளின் பொன்னையே உரைகல்லில் தேய்க்கிறார். முரண்பாடு என்று முதலில் தோன்றியது, சற்று நிதானித்தால் இரண்டு வெவ்வேறு கடமைகளாகப் பிரிந்து நிற்கிறது. வணங்கும்போது சின்னத்தின் மதிப்பை விலைபேசக் கூடாது. கொடுக்கவும் வாங்கவும் கணக்கு வைக்கவும் செய்யும்போது இம்மியும் கண்மூடக் கூடாது. சுந்தரர் அந்தப் பொன்னைக் கேட்டது பிறருக்கு வழங்குவதற்காக. பிறருக்குப் போகும் பொன்னில் மாற்றுக் குறைவது அவருக்குப் பொறுக்கவில்லை. சந்நிதியில் மெய்ப்பொருளாரைப் போலவும், கடையில் சுந்தரரைப் போலவும் இருக்கத் தெரிந்தவனே பக்தன். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: கடையில், சாமி காரியம் என்று கண்ணை மூடிக்கொள்கிறோம், சந்நிதியில், பக்கத்துத் தெரு அம்மனின் நகை எத்தனை பவுன் என்று கணக்குப் பார்க்கிறோம்.

இந்த இரண்டு கடமைகளையும் ஒரே செயலில் நிறைவேற்றிய மன்னன் ஒருவன் நம்மிடையே இருந்திருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தானும் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டான். 1010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொறித்த அந்தச் சாசனங்கள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. அவற்றில் நகைகளின் பட்டியலைப் படிக்கிறவன் திகைத்துப்போவான். இன்ன நகையில் இத்தனை மாணிக்கம் என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை. மாணிக்கம் ஹளஹளமா, கோமளமா, நீலகந்தியா என்று வகை பிரித்திருக்கிறது. குழியுள்ளது, துளையுள்ளது, வெண்புள்ளி உள்ளது, தாய்க்கல் ஒட்டியிருப்பது என்று ஒவ்வொரு குற்றமும் எழுதியிருக்கிறது. வைரத்தின் வெடிப்பும் கரும்புள்ளியும் செம்புள்ளியும் அவ்வாறே. எடை சொல்லும்போது அரக்கும் கோத்த சரடும் உட்பட இவ்வளவு என்று பிரித்துக் கூறியிருக்கிறது. கங்கை முதல் ஈழம் வரை படை செலுத்திய வமிசத்தின் பேரரசன், தன் இஷ்ட தெய்வத்துக்குக் குறையுள்ள கல்லையும் கொடுத்தான். கொடுத்ததைக் குறையென்றே சொல்லி, மழையும் வெயிலும் அழிக்காதவாறு ஊரறியச் செதுக்கியும் வைத்தான். அவனுக்கு அதில் நாணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கண்ணாடிக் கல்லைக் கண்ணாடி என்று எழுத நாம் ஏன் நாண வேண்டும்?

இன்றைய உபயதாரர்கள் கல்வெட்டில் எழுதிக்கொள்வது பெரும்பாலும் தங்கள் பெயரை. குழல்விளக்கின்மேல் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தின் பாதியை மறைக்கும் நம் வழக்கத்தைப் பரிகசித்து அலுத்துவிட்டது, விட்டுவிடுவோம். ஆனால் கொடுத்த பொருள் இன்னதென்று துலங்க எழுதாமையால் விளையும் தீங்கு பரிகாசத்துக்கு உரியதன்று. ‘சிவப்புக் கல் வைத்த பட்டம்’ என்ற ஒரே வரியின் கீழ் மாணிக்கமும் அடங்கும், கண்ணாடியும் அடங்கும். மாணிக்கத்தைப் பெயர்த்துக் கண்ணாடியைப் பதிக்க நினைக்கும் கள்வனுக்கு அந்த வரியைப்போல் உற்ற துணை வேறில்லை. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், நகைகளையும் இரத்தினங்களையும் எடை மதிப்போடு காட்டும் சொத்துப் பதிவேட்டைக் கோயில்கள் வைத்திருக்க வேண்டும் என்று விதிப்பதன் நியாயம் இதுவே. தெருமுனைகளிலும் மலைக் கிராமங்களிலும் உள்ள சிறு கோயில்கள் பலவற்றில் பதிவேடு என்பது பூசாரியின் ஞாபகந்தான்.

எங்கள் காரியத்துக்கு வருகிறேன். கெம்பு வைத்தால் அரக்குக்குள் அபிஷேக நீர் இறங்கித் தகடு கறுக்கும். உற்சவ நாளில் மாத்திரம் சாத்தும் அணிக்கு அது ஆகும், நாள்தோறும் நீராடும் அம்மனுக்கு ஆகாது. ஈயக் கண்ணாடி ஏற்றிய மாணிக்கத்தை எலுமிச்சை தின்றுவிடும். கார்னெட் நல்ல கல், தாங்கும் விலைதான். ஆனால் மூன்று மில்லிமீட்டரில், விளக்கொளியில், அதன் சிவப்பு கறுத்துத் தெரிந்தது. ஆகவே செயற்கை மாணிக்கத்தையே தேர்ந்தோம். கைக்கு எட்டிய விலை, எளிதில் கீறல் விழாத கடினம், அம்மனுக்கு உகந்த செக்கச் சிவப்பு. அரக்கில்லாமல், பின்புறம் திறந்தபடியே கல்லைக் கட்டித் தருமாறு ஆசாரியிடம் சொன்னபோது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். “எந்தக் கல்லானாலும் எனக்கு வேலை ஒண்ணுதாங்க ஐயா. ஆனா என்ன கல்லுன்னு எழுதி வெச்சிருங்க. நாப்பது வருஷம் கழிச்சு இதை உருக்குறவன், கல்லை மாத்திட்டான்னு என் பேரைச் சொல்லக் கூடாது.” தர்மசாஸ்திரமும் மீமாம்சையும் சுற்றி வளைத்துச் சொன்னதைப் பட்டறை மணையில் உட்கார்ந்தபடியே அவர் சொல்லிவிட்டார்; அதற்கு அவர் கண்ட காரணம் தன் பெயர் கெடக் கூடாது என்பது. கேவலமான காரணமன்று அது.

ஆயாவிடம் கல் இன்னதென்று சொன்னேன். சுவாலையில் வளர்ந்த கல் என்று விளக்கியதை எவ்வளவு ஏற்றாளோ அறியேன். “சொல்லிட்டு வெச்சா சரி” என்றாள்.

கோயில் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறோம்: பொன்முலாம் பூசிய வெள்ளி நெற்றிப்பட்டம் ஒன்று, அதில் செயற்கை மாணிக்கம் 21, ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர், ஒன்றில் ஓரம் சிறிது உடைந்துள்ளது, தெருப் பெண்கள் சீட்டுப் பணம். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் சிறு கோயில்களைப் பராமரித்து வரும் பெரியவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, உங்கள் அம்மனின் மேலுள்ள கற்களை ஓர் அனுபவமுள்ள ஆசாரியின் முன்னிலையில் எண்ணி, மாணிக்கமாயின் மாணிக்கம் என்றும், கெம்பாயின் கெம்பு என்றும், கண்ணாடியாயின் கண்ணாடி என்றும் இந்த ஆடிக்குள் எழுதி வையுங்கள், இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.